நிறம் மாறும், பொய் சொல்லாது!

கேள்வி: உயிருள்ள செல்லுக்குள் ஓடும் சமிக்ஞையைக் கண்ணால் பார்க்க முடியுமா?

பதில்: தாராளமாக! செல்லைக் கொல்லாமலே பார்க்கலாம். 1962இல் ஒசாமு ஷிமோமுரா ஜெல்லிமீனிலிருந்து பச்சையாக ஒளிரும் புரதத்தைப் பிரித்தெடுத்தார். அதிலிருந்து உருவான, வெவ்வேறு நிறத்தில் ஒளிரும் இரு புரதங்களுக்கு நடுவே, கால்சியத்தைப் பிடிக்கும் கால்மோடுலினை 1997இல் ரோஜர் சியென் குழு பொருத்தியது. சமிக்ஞை பாய்ந்து கால்சியம் ஏறியதும் கால்மோடுலின் மடங்கும். இரு புரதங்களும் நெருங்கும். ஒன்றின் ஆற்றல் மற்றதற்குத் தாவி, ஒளியின் நிறம் மாறும். நுண்ணோக்கியில் அது அப்படியே தெரியும். இந்தப் புரதப் பச்சோந்தி நிறம் மாறினால் உண்மை பேசுகிறது என்று அர்த்தம்! பச்சையாக ஒளிரும் புரதம் பற்றிய ஆய்வுக்காக ஷிமோமுரா, சியென், மார்ட்டின் சால்ஃபி மூவருக்கும் 2008இல் வேதியியல் நோபல் கிடைத்தது. ஜெல்லிமீனை ஆராய்ந்து என்ன லாபம் என்று இனி யாரும் கேட்க வேண்டாம்; ஆராய்பவர்களுக்குத் தாராளமாக நிதி கொடுங்கள்!