சேவலே ஒதுங்கும் தாய்!

கேள்வி: அடையிலிருந்து இறங்கிய கோழியையும் குஞ்சுகளையும் மற்ற கோழிகளோடு எப்போது விடலாம்? (வாசகி, மேலூர்)

பதில்: 21 நாள் அடைகாத்த சிறுவிடை நாட்டுக்கோழிக்கு மெய்க்காவலே வேண்டாம். கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஓரடி எடுத்து வைத்தால், ஊரையே மிரட்டும் சேவலும் ஒதுங்கிப்போகும்! பயமெல்லாம் காக்கை, பருந்து, கீரிக்குத்தான்.

அதனால்தான் மதுரைப் பக்கம் தாயையும் குஞ்சுகளையும் முதலில் பஞ்சாரம் என்ற மூங்கில் கூடைக்குள் அடைக்கிறார்கள். அருமையான வழக்கம். மூங்கில் இடுக்கு வழியே மற்ற கோழிகள் பார்த்துப் பார்த்தே பழகிவிடும். ஒரு வாரம் போனதும், ஆள் பக்கத்தில் இருக்கும் மாலை வேளையில் கொஞ்ச நேரம் திறந்துவிடலாம். இரண்டு மாதம்வரை தாயே பார்த்துக்கொள்ளும்.

மற்ற கோழிகளோடு விடும்போது, அவற்றுக்கு வைக்கும் முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுகள் தின்னக்கூடாது. அதிலுள்ள மிகுதியான சுண்ணாம்புச்சத்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

குஞ்சு பொரித்த ஏழாம் நாள் வாக்கில் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான சொட்டு மருந்தைக் குஞ்சுகளின் கண்ணில் விடவேண்டும்; பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் இப்போதே கேட்டு வையுங்கள்.