வாழ்க்கைக் கணக்குகளைத் தீர்க்கும் படிகள்: மண்டைக்காட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

பள்ளிப் பாடநூல்களில் ராமு என்றொருவன் வாழ்கிறான். நாலாம் வகுப்பில் அறுபது மாம்பழம் வாங்குகிறான். ஆறாம் வகுப்பில் தொட்டிக்கு ஒரு குழாயில் தண்ணீர் விட்டு, மறு குழாயையும் திறந்து வைக்கிறான். எட்டாம் வகுப்பில் கூட்டுவட்டிக்குக் கடன் வாங்குகிறான். அவனுடைய போக்குக்கு இந்த முடிவு பொருத்தமே. ராமுவின் கஷ்டங்களை மாணவர்கள் எந்தப் படிகளில் தீர்த்து வைக்கிறார்கள் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

2. முன்னோர் கண்டவை

காரிநாயனாரின் கணக்கதிகாரம், பலாப்பழத்தை வெட்டாமலே சுளைகளை எண்ண வழி சொல்கிறது. காம்பருகே உள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். முள் 100 என்றால் சுளை 120. சக்கை என்னும் பலாவுக்குப் பஞ்சமில்லாத குமரி மாவட்டத்தில் இம்முறை புழக்கத்தில் இல்லை. முள்ளை எண்ணி முடிக்கும் நேரத்தில் சுளையைத் தின்றே முடித்துவிடலாம் என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம்.

பிற்காலத்தவரான கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா, கணக்கைத் தீர்க்க 1945இல் நான்கு படிகளை வகுத்தார்: கணக்கைப் புரிந்துகொள், வழியைத் திட்டமிடு, செய்து முடி, திரும்பிப் பார்.

3. வகுப்பறை நடைமுறை

நம் மாணவர்களும் நான்கு படிகளையே பின்பற்றுகிறார்கள். அவை வேறு நான்கு.

முதல் படி: எண்களுக்கு மட்டும் அடிக்கோடு. மற்ற சொற்கள் அலங்காரம் எனக் கொள்க.

இரண்டாம் படி: 'மொத்தம்' என்றிருந்தால் கூட்டல், 'மீதம்' என்றால் கழித்தல், 'ஆளுக்கு எவ்வளவு' என்றால் வகுத்தல். எதுவும் தென்படாவிட்டால், அந்த வாரம் எந்தப் பாடம் நடக்கிறதோ அது.

மூன்றாம் படி: முழு எண் வந்தால் சரி. பின்னம் வந்தால் தப்பு.

நான்காம் படி: திரும்பிப் பார்த்தல். இதில் மட்டும் போல்யாவோடு ஒத்துப்போகிறார்கள். ஆனால் பார்ப்பது பின் பெஞ்சுக்காரனின் நோட்டை.

இது நம்மூர்க் குறை மட்டுமல்ல. கப்பலில் 26 செம்மறியும் 10 வெள்ளாடும் இருந்தால் கேப்டனின் வயது என்ன என்று பிரான்சின் கிரெனோபிளில் சிறுவர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலோர் தயங்காமல் ஏதோ ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள். ஆட்டைக் கூட்டினால் 36. கேப்டனுக்கு நல்ல வயதுதான்.

4. மாசிக் கொடைப் பரிசோதனை

1128 பேரை ஏற்றிச் செல்ல வேண்டும்; பஸ்ஸுக்கு 36 பேர். எத்தனை பஸ்? 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 13 வயதினரிடம் ராணுவ வீரர்களை வைத்து இதைக் கேட்டார்கள். 32 என்று சரியாகச் சொன்னவர்கள் 100க்கு 23 பேர். '31, மீதி 12' என்று எழுதியவர்கள் 29 பேர். அந்த 12 வீரர்களும் இன்னும் ரோட்டோரம் நிற்கக்கூடும்.

இதே 1128 பேரை இருமுடியோடு குமரி மாவட்டத்து மண்டைக்காட்டுப் பகவதி அம்மன் கோவில் கொடை விழாவுக்கு வந்து திரும்பும் பெண்களாக வைத்துக்கொள்வோம். 31 பஸ் நிரம்பியது. 12 பேர் மீதி. இங்கே போல்யா அறியாத ஒருவர் குறுக்கிடுகிறார்: கண்டக்டர். "உள்ள தள்ளிக் கேறுங்க அக்கா, எடம் கெடக்கு!" பஸ் 31, மீதி பூஜ்யம். பாடநூலின்படி தப்பு, அனுபவத்தின்படி சரி. காரணம், அவர் எண்ணைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தார்.

5. முடிவும் பரிந்துரையும்

கணக்கு தப்புவது பெரும்பாலும் வகுத்தலில் அல்ல, வாசிப்பில். எண்ணைத் தொடுமுன் யாருக்கு என்ன பிரச்சினை என்று பார்க்க வேண்டும். விடை வந்தபின் அது நடக்கிற காரியமா என்று கேட்க வேண்டும். இந்த இரண்டையும் செய்கிற பிள்ளை இரண்டே கால் ஆளைக் கிணறு வெட்ட அனுப்பாது.

இதற்கும் மசியாத கணக்குகளுக்கு ஒரு மாற்று உண்டு. பச்சரிசி மாவும் சிறுபயறும் வெல்லமும் சேர்த்துச் செய்யும் மண்டையப்பத்தை, தலைவலி தீர வேண்டி மண்டைக்காட்டு அம்மனுக்குப் படைக்கிறார்கள். கொடை நடப்பது மாசியில். முழுஆண்டுத் தேர்வு அதன் பிறகுதான். பெற்றோர் வசதிப்படி திட்டமிட்டுக்கொள்ளலாம்.