எட்டலை சார்

இந்த வாரம் அவர் 600 பக்கம் சாய்ந்திருக்கிறார். போன வாரம் 400 போதும் என்றார். அதற்கு முந்தைய வாரம், 800 இல்லாமல் பறவையைப் பார்க்கப் போவதே பாவம் என்ற நிலையில் இருந்தார். எல்லாம் லென்ஸின் மில்லிமீட்டர் கணக்கு. கையில் இருப்பது ஒரு பழைய 70–300. அதில் எடுத்த எந்தப் படத்தைக் காட்டினாலும், நாம் வாய் திறப்பதற்கு முன் அவரே தீர்ப்பு எழுதிவிடுவார்: “எட்டலை சார்.”

வங்கியில் கடன் விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியே ஓய்வு பெற்றவர். அந்தப் பழக்கம் எங்கே போகும்? ராத்திரி சாப்பாடு முடிந்து நான் கை கழுவும் நேரம் பார்த்துப் போன் வரும்.

“சார், சோனி 200–600 எப்படி?”

“நல்ல லென்ஸ். வாங்கிடுங்க.”

“2 கிலோவுக்கு மேல இருக்கே? எனக்குத் தோள்பட்டை வேற சரியில்ல.”

“அப்ப கேனன் 100–500. ஒன்றரைக் கிலோதான்.”

“500-க்குப் போனா எஃப் 7.1 ஆயிடுது சார். மார்கழிக் காலையில வெளிச்சத்துக்கு எங்க போறது?”

“வெளிச்சம்தான் வேணும்னா 600 எஃப் 4 வாங்குங்க.”

“பத்து லட்சத்துக்கு மேல சார்! வீட்டுல பேச்சு நின்னுடும்.”

“சரி, 800 எஃப் 11 ஒண்ணு இருக்கே. விலை கம்மி, எடையும் 1 கிலோ 260 கிராம்தான்.”

“அது 6 மீட்டருக்குள்ள ஃபோகஸ் ஆகாது சார். தேன்சிட்டு பக்கத்துல வந்து உட்கார்ந்தா நான் பின்னாடியே நடக்கணும். பின்னாடி கிணறு இருந்தா?”

இந்தக் கிணற்றுக்கு என்னிடம் பதில் இல்லை. இதற்குள் சோனியிலிருந்து கேனனுக்கு வந்துவிட்டோமே, அவர் வைத்திருக்கும் காமிரா இரண்டிலும் சேராத நிக்கான் ஆயிற்றே என்று நினைவுபடுத்தினால், “பாடி என்ன சார், மாத்திக்கலாம்” என்பார். மறுநாள் ராத்திரி பாடி.

வெண்டைக்காய்க் கூடை முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொன்றாய் நுனி ஒடித்துப் பார்த்துவிட்டு, “கத்திரிக்காய் எப்படிப்பா?” என்று எழுந்திருக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். காய்க்காரர் ஏதாவது திட்டிவிட்டு மனசை ஆற்றிக்கொள்ளலாம். எனக்கு அந்த வசதியும் இல்லை. வயதில் மூத்தவர்.

இதில் கொடுமை என்னவென்றால், அவர் சொல்வது எதுவும் தப்பில்லை. 600-ஐ 4-ஆல் வகுத்தால் 150; அதனால் எஃப் 4 லென்ஸின் முன் கண்ணாடி சாப்பாட்டுத் தட்டில் பாதி அகலம். 600-ஐ 6.3-ஆல் வகுத்தால் 95. அதனால்தான் அந்த அளவு ஜூம்கள் பலவற்றுக்கு 95 மி.மீ. ஃபில்டர். இரண்டுக்கும் நடுவே வெளிச்சத்தில் ஏறக்குறைய இரண்டரை மடங்கு வித்தியாசம். 1.4 கன்வெர்ட்டர் மாட்டினால் 600 என்பது 840 ஆகும், எஃப் 6.3 என்பது எஃப் 9 ஆகும், உள்ளே வரும் வெளிச்சம் பாதியாகும். இவ்வளவையும் காகிதம் இல்லாமல், பல் குத்திக்கொண்டே சொல்லுவார். நீளம் கேட்டால் எடை கூடும், எடை குறைத்தால் வெளிச்சம் போகும், மூன்றும் வேண்டுமென்றால் நிலத்தை விற்க வேண்டும் என்ற உண்மையை இவ்வளவு தெளிவாக அறிந்த இன்னொருவரை நான் பார்த்ததில்லை. அறிந்தபடியே நாலாவதாக ஒரு வழியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

அந்த நாலாவது வழிக்குப் பெயர் ‘புதுசு’. “கொஞ்சம் பொறுங்க சார், புதுசு ஒண்ணு வருதாம்.” 2023-இல் நிஜமாகவே வந்தது. நிக்கானில் 180–600, கேனனில் 200–800, இரண்டும் ஒரே வருஷம். அவசரப்பட்டு வாங்கியவர்களை எல்லாம் கூப்பிட்டு அனுதாபம் தெரிவித்தார். அடுத்த மாதம், 800-இல் எஃப் 9 என்பதைக் கண்டுபிடித்து அதையும் திருப்பி அனுப்பினார். நிக்கானில் இன்னும் எதுவும் பிடிபடவில்லை, தேடுகிறார்.

ஏரிக்கு வந்தாலும் அவர் பார்ப்பது பறவையை அல்ல, பக்கத்து ஆளின் தோளை. ஆட்களை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை. “அந்த 500 பிரைம் இன்னிக்கு வரலியா?”

ஒருமுறை பேச்சை மாற்றலாம் என்று மா. கிருஷ்ணனை இழுத்தேன். 1996-இல் மறைந்தாரே, சென்னைக்காரர், காட்டு உயிர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர், தமிழிலும் எழுதியவர். பல பாகங்களைத் தானே கூட்டிக் கட்டிய ஒரு காமிராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்துக்கொண்டு காட்டுக்குப் போனவர். இருக்கிறதை வைத்து எடுத்தார் பாருங்கள் என்று நான் முடிப்பதற்குள், “அதுல எத்தனை மில்லிமீட்டர் போட்டிருந்தார்?” என்றார்.

அவரை வெறுக்கவும் முடியவில்லை. கல்லூரிப் பையன் ஒருவன் எங்களோடு பள்ளிக்கரணைக்கு வந்தான். ட்யூஷன் எடுத்துச் சேர்த்த பணம், லென்ஸ் வாங்க வேண்டும். முடிந்தான் பையன் என்று நினைத்தேன். அவரோ அவனை ரேடியல் ரோட்டு ஓரமாக நிறுத்தி, தூரத்தில் நாமக்கோழிக் கூட்டத்தைக் காட்டினார். மணி பத்து தாண்டியிருந்தது. தண்ணீர் மேல் காற்று நெளிந்துகொண்டிருந்தது. “இதைப் பத்து லட்ச ரூபா லென்ஸ்ல எடுத்தாலும் கலங்கித்தான் வரும். காசை லென்ஸ்ல போடறதுக்கு முன்னாடி அலாரத்துல போடு, ஆறு மணிக்கு வா” என்றார். வேடந்தாங்கலில் கரையிலிருந்துதான் பார்க்க வேண்டும், மரங்கள் தண்ணீருக்குள், அங்கே நீளம் வேண்டும். கூந்தங்குளத்தில் ஊருக்குள் வீட்டு மரத்திலேயே சங்குவளை நாரை கூடு கட்டும், அங்கே 600-ஐ நீட்டினால் அலகு மட்டும்தான் கிடைக்கும். நீ எங்கே போகப்போகிறாய் என்று முதலில் முடிவு செய் என்றார். கூட்டுக்குக் கிட்டே போகாதே என்றும், குரலை ஒலிபரப்பிப் பறவையை வரவழைக்காதே என்றும் சேர்த்துச் சொன்னார். பிறகு பழைய சிக்மா 150–600 ஒன்றைப் பேரம் பேசி, உள்ளே டார்ச் அடித்துப் பூஞ்சை இல்லை என்று பார்த்து, அதே வாரத்தில் வாங்கியும் கொடுத்துவிட்டார். அடுத்தவன் காசு என்றால் மனிதருக்கு எவ்வளவு தெளிவு!

பையன் அதற்கப்புறம் எடுத்த நீளவால் இலைக்கோழி, குஞ்சோடு இலை மேல் நடப்பது, எங்கள் எல்லோர் போனிலும் இருக்கிறது. அதைப் பெரிதாக்கி ஓரத்தில் கொஞ்சம் மங்கல் இருப்பதை அவர்தான் எங்களுக்குக் காட்டினார்.

இப்போது என் குறையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் விடுமுறை என்பது ஞாயிறு ஒன்றுதான். இருட்டில் எழுந்து, ஊர் தாண்டி வந்து, கரையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது பறவைக்காக. காதருகே வந்து, “இது இன்டர்னல் ஜூம்தானே?” என்று கேட்டால் பறவை பறக்கத்தான் செய்யும். கூழைக்கடா தலைக்கு மேலேயே வட்டமடித்து இறங்கிய காலையில், அவர் என் லென்ஸின் காலரைக் கழற்றினால் எத்தனை கிராம் குறையும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். இது வேடிக்கை இல்லை.

அந்த லென்ஸும் இப்போது என்னிடம் இல்லை. “ரெண்டு நாள் கையில வெச்சுப் பார்த்தாத்தான் சார் முடிவு பண்ண முடியும்” என்று பொங்கலுக்கு வாங்கிக்கொண்டு போனார். இப்போது ஐப்பசி மழை கொட்டுகிறது. நடுவில் போன் பண்ணி, முனையில் கொஞ்சம் சாஃப்டாக இருக்கிறது, விசாரிக்காமல் வாங்கிவிட்டீர்களே என்று வருத்தப்பட்டார். பொறுத்துக்கொண்டேன். ஆனால் இந்த ஈரத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை வந்தால் அவ்வளவுதான். நேற்று ராத்திரி முதல்முறையாக நானே கூப்பிட்டேன்.

“சார், லென்ஸை டிரை கேபினெட்ல வெச்சிருக்கீங்களா?”

“அதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். 30 லிட்டர் போதுமா, 50 வேணுமா? நாளைக்கு 600 எஃப் 4 வந்தா 30-ல நுழையாதே?”

“அதுவரைக்கும் என் லென்ஸ் எங்க சார் இருக்கு?”

“பத்திரமா இருக்கு, கவலையே படாதீங்க. பீரோவுல, பட்டுப் புடவைக்கு நடுவுல. அந்துருண்டைகூடப் போட்டிருக்கு.”