இரைச்சல் பரிசோதகர்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் மைக்செட் சாமான் விற்கும் எந்தக் கடைக்குப் போனாலும் சாயங்கால வேளையில் இவரைப் பார்க்கலாம். பத்தாயிரத்துக்குள்ளே ஒரு மிக்சர் காட்டச் சொல்வார். வாங்க அல்ல, குறை சொல்ல.

"மைக் வேணாம்ப்பா" என்று கடைப்பையனைத் தடுத்துவிட்டு, ஒன்றுமே செருகாத சேனலில் கெயினைக் கடைசிவரை திருகுவார். ஃபேடரையும் உச்சிக்குத் தள்ளிவிட்டு, ஹெட்போனை அமுக்கிப் பிடித்துக் கண்ணை மூடுவார். ஸ்ஸ்ஸ்...

"கேளு, குற்றாலம்!"

பின்னே இரையாமல் என்ன செய்யும்? முறையாக அளப்பவர்கள் மைக்குக்குப் பதிலாக 150 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் செருகிவிட்டுத்தான் இரைச்சலை அளப்பார்கள். காலி சாக்கெட்டில் லட்ச ரூபாய் மிக்சரும் இரையத்தான் செய்யும். இதைச் சொல்லிப் பாருங்கள். "அதெல்லாம் புஸ்தகம் சார், நமக்குக் காதுதான்" என்பார். அந்தக் காதுக்கு அறுபது தாண்டிவிட்டது. 15,000 ஹெர்ட்ஸ் அதைவிட்டுப் போய் எத்தனையோ வருஷம். ஆனாலும் "ஹைஸ் பத்தல" என்று தீர்ப்பு வந்துவிடும்.

இரண்டு மிக்சரை ஒப்பிட்டுக் காட்டச் சொன்னால் பையனுக்குக் கொண்டாட்டம். எது கொஞ்சம் சத்தமாகக் கேட்கிறதோ அதுதான் யாருக்கும் உசத்தியாகப் படும். தேங்கிக் கிடக்கும் மாடலை ஒரே ஒரு டெசிபல் ஏற்றி வைத்துவிடுவான். "இதுலதான் உயிர் இருக்கு" என்று இவர் தலையாட்டுவார். அப்புறம் மூடியைக் கழற்றச் சொல்வார். மலிவு மிக்சர்களில் சர்வசாதாரணமாகப் புழங்கும் 4580 ஐசி கண்ணில் பட்டதும் உயிர் போய்விடும். "அதான் பாத்தேன். 5532 போட்டிருந்தா பேசும்!"

கல்யாண மண்டபத்தில் இவர் உறவுக்காரராக வருவார். ஆர்க்கெஸ்ட்ரா கீபோர்டுக்கு மேடையில் ஒரு பிளக் பாயிண்ட், மிக்சருக்குக் கதவோரம் இன்னொன்று. எர்த் சுற்றிக்கொண்டு 50 ஹெர்ட்ஸில் 'ம்ம்ம்' என்று உறுமும். இவர் பந்தியிலிருந்து பாதியில் எழுந்து, ஈரக்கையோடு வந்துவிடுவார்.

"சீப் மிக்சர் தம்பி. தள்ளு, நான் பாக்கறேன்."

அவர் மிட் குமிழைத் திருகிக்கொண்டிருக்கும்போதே, மைக்செட் தம்பியின் ஆள் கீபோர்டு வயரைப் பிடுங்கி மிக்சர் இருக்கும் பாயிண்டிலேயே சொருகுகிறான். உறுமல் நிற்கிறது.

"பாத்தியா? அரை சுத்துதான்!" மறுபடி பந்திக்குப் போகிறார்.

தம்பி என் பக்கம் குனிந்தான்: "எட்டாவது சேனல்ல வயரே கெடையாதுண்ணே. இவர மாதிரி ஆளுங்களுக்குன்னே விட்டு வெச்சிருக்கேன். மாப்ள வீட்லயும் ஒருத்தர் வந்திருக்காராம், ஏழாவதையும் காலி பண்ணணும்."