நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார்

"அதுக்கு எதுக்குக் கவலைப்படுற? அங்க நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார்."

இந்த வாக்கியத்தைப் படித்ததும் உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்திருக்கும். அவரேதான். ஊர்தான் வேறு.

இந்த இனத்தார் தமிழ்நாடு முழுக்கப் பரவிக் கிடந்தாலும் நெய்வேலிக்கு வெளியே, வடலூர்ப் பக்கம் கொஞ்சம் அடர்த்தி அதிகம். நிலக்கரி நிறுவனத்தில் ஓய்வு பெற்றால் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். பலர் வடலூரில் மனை வாங்கி வீடு கட்டி, வாசலில் செம்பருத்தி வைத்து, ஷிஃப்ட் இல்லாத காலைப்பொழுதை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பார்கள். அப்போது யாராவது ஒருவன் ஏதாவது ஒரு அரசாங்க வேலையாக அந்தப் பக்கம் போவான். அவன் கதை முடிந்தது.

பொதுவாக இவர்கள் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். பொதுவாக இரண்டாம் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டோடு காலம் தள்ளியவர்கள். பொதுவாக வலது முழங்காலில் ஒரு பட்டை போட்டிருப்பார்கள். பொதுவாக என் மனைவிக்குப் பெரியப்பா முறை. மற்றபடி இந்தக் கட்டுரை தனிநபர் எவரையும் குறிப்பதல்ல.

மாமாவிடம் (பொதுவாக அப்படித்தான் அழைப்போம்) ஒரு பாக்கெட் டைரி இருக்கிறது. அதில் ஒரு பெயர்கூடக் கிடையாது. 'தாலுகா ஆள்', 'கரண்ட் ஆள்', 'ஆஸ்பத்திரி ஆள்', 'ஆஸ்பத்திரி ஆள் (புதுசு)', 'ஆர்.டி.ஓ. ஆள்' என்றுதான் இருக்கும். ஆளுக்கு எதற்குப் பெயர்? பெயர் தெரிந்துவிட்டால் நாமே நேராகப் போய்விடுவோமே!

போன் செய்வது ஒரு சடங்கு. முதலில் கண்ணாடியைத் துடைப்பார். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது என்று வாசலுக்கு வருவார். வாசலில் நான்கு பேர் பார்ப்பார்கள், அதுதான் சிக்னல். எண்ணைப் போட்டுவிட்டு வாயை ஒரு கையால் பொத்திக்கொள்வார். பிறகு வருவது இதுதான்: "அண்ணே... நான்தான்... ஆங்... ஆங்... இல்லண்ணே, நம்ம வீட்டு மாப்ளதான்... ஆங்... அதான்ணே... பாத்துக்குங்க." போனை வைத்துவிட்டு, ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வரும் டாக்டர் மாதிரி நம்மைப் பார்ப்பார்.

"என்ன மாமா சொன்னார்?"

"பாத்துக்கலாம்னுட்டார்."

தமிழில் 'பாத்துக்கலாம்' என்ற சொல்லுக்கு இதுவரை யாரும் பொருள் கண்டுபிடிக்கவில்லை. முடியும் என்றும் இல்லை, முடியாது என்றும் இல்லை. ஆனால் அதைக் கேட்டால் ஒரு நிம்மதி வருகிறது. அந்த நிம்மதியில்தான் 2020 மார்ச்சில் நான் ஒரு ஸ்கூட்டர் வாங்கினேன்.

வாங்கச் சொன்னவரும் அவரேதான். 2017 மார்ச் 29-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 3 வண்டிகளை விற்கக் கூடாது என்றது. கம்பெனிகள் தள்ளுபடியை அள்ளி வீச, அந்த இரண்டு நாளும் ஷோரூம்களில் திருவிழாக் கூட்டம். மாமா விஷயத்தைக் கேள்விப்பட்டபோது ஏப்ரல் 2. அந்தத் துக்கம் மூன்று வருஷமாக அவருக்குள் கனன்றுகொண்டிருந்தது. இப்போது பி.எஸ். 4-க்கும் அதே கதி. 2020 ஏப்ரல் 1 முதல் விற்கவும் முடியாது, பதியவும் முடியாது என்று 2018 அக்டோபரிலேயே தீர்ப்பாகிவிட்டது. "இந்தத் தடவ விடக் கூடாது மாப்ள" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

மார்ச் 19, வியாழக்கிழமை. வண்டி கைக்கு வந்தது. ஷோரூம் பையன், "சார், நாளைக்கே பிரேக் இன்ஸ்பெக்டர்கிட்ட காட்டி நம்பர் வாங்கிடலாம்" என்றான். சேசிஸ் நம்பர் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துத் தயாராக வைத்திருந்தான்.

மாமா நாட்காட்டியைப் பார்த்தார். தேய்பிறை. செவ்வாய்க்கிழமை அமாவாசை. "புது வண்டிக்குத் தேய்பிறையில நம்பரா? அமாவாசை கழியட்டும். 26-ஆம் தேதி வியாழன், வளர்பிறை. முடிச்சுக்கலாம்." இதோடு நம்பர் சாத்திரமும் உண்டு. எங்கள் மாவட்டத்து 31-ஐக் கூட்டினாலே 4, அது ராகு. பின்னால் வருவதாவது 5 ஆகவோ 9 ஆகவோ வர வேண்டும். எட்டு மட்டும் ஆகவே ஆகாது. பையன் தயங்கியபடி, "சார், 31-ந்தேதி கடைசி..." என்றான்.

"தம்பி, அங்க நம்ம ஆள் இருக்கார்."

அந்தப் பையனுக்கு அப்போதே மீசை முழுதாக முளைத்திருக்கவில்லை. ஆனாலும் நாங்கள் கிளம்பியதும் எங்களைக் கேட்காமலே தற்காலிகப் பதிவைப் போட்டு வண்டி விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. செவ்வாய் மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144. எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் வந்து நாட்டுக்கே பூட்டு என்றார். மாமா சொன்ன வளர்பிறை வியாழன் சரியாக வந்தது. அன்றைக்கு நாலுமுனைச் சந்திப்பில் போலீஸ்காரர் லத்தியோடு நின்றார். எங்கள் ஸ்கூட்டர் வாசலில், நெற்றியில் குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், நம்பர் இல்லாமல் நின்றது. ஆள் இருந்தும் ஆபீஸ் இல்லாமல் போனது, எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

மாமா அசரவில்லை. "பூட்டுன ஆபீஸ்லயும் உள்ள ஒருத்தர் இருப்பார் மாப்ள" என்றார். மார்ச் 27-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ஊரடங்கு முடிந்தபின் பத்து நாளைக்கு, மிச்சமிருக்கும் பி.எஸ். 4 வண்டிகளில் பத்து சதவீதத்தை விற்கலாம் என்று ஒரு சலுகை கொடுத்தது. அது விற்காத வண்டிகளுக்கு. என்னுடையது விற்ற வண்டி. மாமாவுக்கு அந்த வித்தியாசமெல்லாம் பெரிதாகப் படவில்லை. "பாத்தியா, போன் போட்டேன்ல?" என்றார்.

அதோடு நின்றதா? அவருடைய சொந்த லைசென்ஸ் அந்தப் பிப்ரவரியில்தான் காலாவதியாகியிருந்தது. பிப்ரவரி 1-க்குப் பிறகு முடிந்த லைசென்ஸ், ஆர்.சி., பர்மிட் எல்லாம் ஜூன் 30 வரை செல்லும் என்று மத்திய அமைச்சகம் அறிவித்தது. பிறகு செப்டம்பர் 30 என்றது, டிசம்பர் 31 என்றது. தள்ளித் தள்ளிக் கடைசியில் 2021 அக்டோபர் 31-இல் போய் நின்றது. ஒவ்வொரு தடவையும் மாமா தினத்தாளைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். தன் ஒருவருடைய லைசென்ஸுக்காக டெல்லி இவ்வளவு மெனக்கெடுவது அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

என் ஸ்கூட்டருக்கு மட்டும் எந்த அமைச்சகமும் அசையவில்லை. பதியாத வண்டியை ரோட்டில் ஓட்டக் கூடாது. தினமும் காலையில் ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து, பேட்டரி செத்துப்போகாமல் பார்த்துக்கொண்டேன். டாஸ்மாக்கைக்கூட மே 7-ஆம் தேதி திறந்தார்கள். வண்டி சீட்டில் ஒரு காக்கை நிரந்தரமாகக் குடியேறியது. போகிற வருகிறவர்கள், "இன்னும் நம்பர் வரலியா?" என்று கேட்டார்கள். நான் வாய் திறப்பதற்குள் பக்கத்து வாசலிலிருந்து பதில் போனது: "வந்துரும். நம்ம ஆள் சொல்லிருக்கார்."

ஜூன் மாதம் ஒருநாள் பொறுமை இழந்தேன். மாமா குளிக்கப் போன நேரம். டைரி திண்ணையில் கிடந்தது. 'ஆர்.டி.ஓ. ஆள்' எண்ணை என் போனில் போட்டேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த மகானின் குரலை முதன்முதலாகக் கேட்கப் போகிறேன்!

"யாரு?" என்றது குரல்.

மாமாவின் பெயரைச் சொல்லி, வண்டி விஷயம் என்றேன்.

"அட, அந்தச் சாரா! நல்லாருக்காரா? சார், நான் ஆபீஸ் எதிர்ல கரும்பு ஜூஸ் கட வெச்சிருக்கேன். கேட்டு தொறந்திருக்கா, இன்ஸ்பெக்டர் ஜீப்பு நிக்குதான்னு சார் போன் போட்டுக் கேப்பாரு. பாத்துச் சொல்லுவேன். இப்ப நானே மூணு மாசமா கட தொறக்கல சார், ஊர்லதான் கெடக்கறேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஆபீஸ் தொறந்துட்டா எனக்கும் ஒரு போன் பண்ணுங்க சார்" என்றது.

நான் மாமாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். ஜெயித்து என்ன செய்வது? மனுஷர் குளித்துவிட்டு வந்து, விபூதி பூசி, அதே டைரியை எடுத்து, அதே வாசலில் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு, "அண்ணே... நான்தான்..." என்று ஆரம்பித்தார். எதிர்முனையில் ஒரு ஜூஸ் கடைக்காரர் அவருக்கு மரியாதையாக 'ஆங்' கொட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்குமே அந்த மூன்று மாதத்தில் வேறு போக்கிடம் இருந்திருக்காது.

ஆனால் கோபம் எனக்கு வராமலில்லை. அது மாமா மேல் இல்லை. இந்த மனிதரை நாம் ஏன் நம்புகிறோம்? படிவத்தைப் பூர்த்தி செய்து, பணத்தைக் கட்டி, நேராகக் கவுண்டருக்குப் போனால் வேலை முடியும் என்று நமக்கே நம்பிக்கை கிடையாது. 'நாளைக்கு வாங்க', 'சார் சீட்ல இல்ல', 'இதுல ஒரு ஜெராக்ஸ் கொறையுது' என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக் கேட்டு, உரிமையைக்கூட யாராவது சொல்லித்தான் வாங்க வேண்டும் என்று பழகிவிட்டோம். மாமாவை ஊட்டி வளர்ப்பது அந்தக் கவுண்டர்தான். ஆள் தெரிந்தவனுக்கு ஜூஸ் கடைக்காரராவது இருக்கிறார். யாரையுமே தெரியாதவன் யாருக்குப் போன் போடுவான்?

இத்தனைக்கும் எங்கள் ஊர் வடலூர். 1867-இல் வள்ளலார் இங்கே தருமசாலை தொடங்கி மூட்டிய அடுப்பை அணையா அடுப்பு என்கிறோம். அங்கே சாப்பிட உட்காருகிறவனை, 'உனக்கு உள்ளே யாரைத் தெரியும்?' என்று யாரும் கேட்பதில்லை. பசிதான் விண்ணப்பம். ஞான சபையிலும் ஏழு திரை இருக்கிறது; தைப்பூசத்தன்று அவை விலகினால் கூட்டத்தின் கடைசியில் நிற்பவனுக்கும் அதே ஜோதிதான். சோற்றையும் ஜோதியையும் ஆள் இல்லாமல் கொடுக்கத் தெரிந்த ஊரில், ஒரு ஸ்கூட்டர் நம்பருக்கு ஆள் தேடி அலைகிறோம்.

சரி, கதைக்கு வருகிறேன். ஜூலை 8-ஆம் தேதி நீதிமன்றம் அந்தச் சலுகையைத் திரும்பப் பெற்றது. மாத முடிவில், மறு உத்தரவு வரும் வரை பி.எஸ். 4 பதிவே கூடாது என்றது. மாமா இரண்டு நாள் வாசலுக்கே வரவில்லை. ஆகஸ்ட் 13-ஆம் தேதிதான் விடிந்தது: டெல்லி வட்டாரம் தவிர மற்ற இடங்களில், மார்ச் 31-க்கு முன் விற்று, விவரம் இ-வாகன் தளத்தில் ஏறியிருக்கும் வண்டிகளைப் பதியலாம்.

ஏற்றி வைத்தவன் யார்? அந்த மீசை முளைக்காத பையன். அவன் எங்கள் பேச்சைக் கேட்டு அமாவாசை கழியட்டும் என்றிருந்தால், வண்டி இன்றைக்கும் காக்கைக்குத்தான் சொந்தம். அவனுக்கு அந்த ஆபீஸில் யாரையும் தெரியாது. எந்தத் தாளுக்குப் பின்னால் எந்தத் தாள் என்று மட்டும் தெரிந்திருந்தது.

நம்பர் வந்தது. கூட்டிப் பார்த்தேன். எட்டு.

மாமா பிளேட்டை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "லைசென்ஸ் வாங்கவே எட்டுதான போட்டோம்? போட்டுப் பழகுன நம்பர்தான் மாப்ள" என்றார். அன்று மாலை அவர் வாசலில் நின்று யாரிடமோ, "லேட்டானாலும் முடிச்சுக் குடுத்துட்டார்" என்று சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

போன நவம்பரில் ஒரு ராத்திரி மாமா என் வீட்டுக் கேட்டைத் தட்டினார். பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். இரண்டு இடத்தில் முயன்றும் மெஷின் அவருடைய கைரேகையை எடுக்கவில்லையாம். முப்பது வருஷம் பெல்ட்டையும் ரோலரையும் பிடித்த கை. ரேகை எங்கே மிச்சமிருக்கும்? டைரியில் அதற்கு ஆள் இல்லை. குரலைத் தாழ்த்தி, இந்தத் தடவை வாயைப் பொத்தாமல் கேட்டார்:

"மாப்ள, அந்த இ-சேவையில உனக்கு யாரையாச்சும் தெரியுமா?"

தெரியாது என்றேன். மறுநாள் எட்டாம் நம்பர் ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். கவுண்டரில் ஒரு பெண் இருந்தாள். ஈரத்துணியால் அவர் விரல்களைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாக வைக்கச் சொன்னாள். வலது கை முழுக்கத் தோற்றது. அதற்குள் மாமா, "எந்த ஊரும்மா?" என்று கேட்டுவிட்டார். "குறிஞ்சிப்பாடி தாத்தா. அழுத்தாதீங்க, சும்மா வைங்க." இடது மோதிர விரலில் மெஷின் பச்சை காட்டியது. மாமா உயிரோடு இருப்பதை அரசாங்கம் ஒப்புக்கொண்டது.

வெளியே வந்து வண்டியில் ஏறுமுன் பையிலிருந்து டைரியை எடுத்தார். சீட்டின் மேல் வைத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நிதானமாக எழுதினார்: 'இ-சேவை ஆள்'.

"இனிமே கவலையில்ல மாப்ள" என்றார். "உனக்கு என்ன வேணும்னாலும் சொல்லு. உள்ள நம்ம பொண்ணு ஒண்ணு இருக்கு."