மென்பொருளுக்கு எந்த ஊர்?

யாழ்ப்பாணத்து ஆளிடம் புதிதாக ஒருவரை அறிமுகப்படுத்தினால் பெயரைக் காதில் வாங்கமாட்டார். "ஊரில எவடம்?" என்பார். பதில் வந்ததும் "அந்தக் கோயிலுக்கு இஞ்சாலயா, அங்காலயா?" என்பார். அதோடு விசாரணை முடிந்தது. கனடாவுக்கு வந்து முப்பது, நாற்பது பனிக்காலம் கண்டவர்களுக்கும் இந்தக் குணம் போகவில்லை. 2025 மார்ச்சில் நாங்கள் இதே கேள்வியை மென்பொருளிடமும் கேட்கத் தொடங்கினோம்.

அந்த மாதம் 4ஆம் திகதி டிரம்பின் தீர்வை கனடாமீது விழுந்தது. அன்றைக்கே ஒன்ராறியோ அரசின் மதுக்கடைகள் அமெரிக்கப் போத்தல்களைத் தட்டிலிருந்து இறக்கின. (இதனால் எங்கள் அங்கத்தவர்கள் சிலர் அடைந்த துயரம் தனிக் கட்டுரைக்குரியது.) பலசரக்குக் கடைகளில் விலைச்சீட்டுக்குப் பக்கத்தில் மேப்பிள் இலை முளைத்தது. எங்கள் ஊர்ச் சங்கம் மட்டும் சும்மா இருக்குமா? ரொறன்ரோவின் அஜின்கோர்டில் தலைவர் வீட்டு பேஸ்மெண்டில் நிர்வாகக் கூட்டம் கூடியது. விடயம் ஒன்றே ஒன்று: அங்கத்தவர் பட்டியலும் சந்தாக் கணக்கும் அமெரிக்கனுடைய கூகிள் ஷீட்டில் கிடக்கின்றன. மானமுள்ள சங்கம் என்ன செய்யவேண்டும்?

"கனடியன் சாமானுக்கு மாறுவம்" என்றார் இளைஞரணிப் பொறுப்பாளர். வயது 54. அவருக்குத் தெரிந்த கனடியன் சாமான் கோரல். 1985இல் மைக்கேல் கௌப்லாண்ட் ஒட்டாவாவில் தொடங்கிய கம்பனி. 1989இல் கோரல்டிரோ வந்தது. யாழ்ப்பாணத்து அச்சகங்களில் எத்தனை கலியாணக் கார்டும் கண்ணீர் அஞ்சலியும் அதில் உருவாகின என்று கணக்கில்லை. காசு கொடுத்து வாங்கிய பிரதிகளை மட்டும் எண்ணிவிடலாம். ஆக, கனடாவுக்கு விசா எடுக்க முன்னரே நாங்கள் கனடியச் சாமானில் குடியிருந்திருக்கிறோம். எல்லோரும் நெஞ்சை நிமிர்த்தியபோது, வங்கியில் வேலைபார்க்கும் உபசெயலாளர் ஒரு குண்டைப் போட்டார்: 2019இல் அந்தக் கம்பனியை கேகேஆர் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் வாங்கிவிட்டது. பேஸ்மெண்டில் ஒரு நிமிட மௌன அஞ்சலி.

அடுத்தது சீனா. அஜின்கோர்டில் இருந்துகொண்டு சீனாவைத் தள்ளிவைப்பது கொஞ்சம் கஷ்டம். கனடாவின் முதலாவது உள்ளரங்கச் சீனக் கடைத்தொகுதியான டிராகன் சென்டர் 1984இல் இங்கேதான் திறந்தது. எனக்கு இடமும் வலமும் சீனக் குடும்பங்கள். இரண்டு வீட்டிலும் ஊர்க்கதை முழுவதும் வீசாட்டில்தான் ஓடுகிறது. ஆனால் 2023 ஒக்டோபர் 30ஆம் திகதி, கனடிய அரசாங்கக் கைபேசிகளில் வீசாட்டுக்கும் ரஷ்யாவின் காஸ்பர்ஸ்கி வைரஸ் தடுப்பானுக்கும் தடை வந்தது. அறிவித்த அமைச்சர் அனிதா ஆனந்த். "தகப்பன் தமிழ்நாடு" என்று பொருளாளர் உடனே ஊர் பார்த்துச் சொன்னார். அரசாங்கத்தின் விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது: தகவல் எதுவும் களவுபோனதற்கு ஆதாரம் இல்லை, ஆனாலும் ஆபத்து இருக்கிறது. கலியாணம் பேசிப்போய்த் திரும்பும் அம்மான் சொல்வதும் இதுதான். "பெடியனில ஒரு பிழையும் சொல்ல ஏலாது. ஆனால் எங்களுக்கு வேண்டாம்."

இந்தியா? ஸோஹோ என்ற மென்பொருள் கம்பனியின் பெயரைச் சொல்லி வாய் மூடவில்லை. பின்வரிசையிலிருந்து ஓர் ஐயா எழும்பினார். "இந்தியன் ஆமி வந்த 87க்குப் பிறகு நான் இந்தியாவிலிருந்து ஒண்டும் எடுக்கிறேல்லை." அவர் கையிலிருந்த தேத்தண்ணி அசாமா நுவரெலியாவா என்று ஒருவரும் கேட்கவில்லை. "ஐயா, அது ஸ்ரீதர் வேம்புவின்ர கம்பனி. தென்காசிப் பக்கம் கிராமத்தில இருக்கிற தமிழன்" என்றதும் அவர் கொஞ்சம் இறங்கிவந்தார். "அப்ப தமிழ் எண்டு சொல்லுங்கோவன்."

இவ்வளவையும் நான் கூட்டக் குறிப்பாகத் தமிழில் தட்டிக்கொண்டிருந்தேன். தட்ட உதவிய கீமேன் என்ற நிரலுக்கும் ஊர் பார்த்தால் தலைசுற்றும். அதை எழுதத் தொடங்கியவர் மார்க் டர்டின் என்ற அவுஸ்திரேலியர்; முதலில் எழுதியது லாவோ மொழிக்கு. முரசு அஞ்சல் என்ற இன்னொரு தட்டச்சு நிரலைச் செய்த முத்து நெடுமாறன் மலேசியர். மயிலை எழுத்துருவைத் தந்த கல்யாணசுந்தரம் இருந்தது சுவிற்சர்லாந்தில். ஏன், நாங்கள் கூடியிருந்த அஜின்கோர்டின் பெயரே என்ன ஒழுங்கு? 1858இல் ஜோன் ஹில் இங்கே தபாலகம் கேட்டபோது, பிரெஞ்சுப் பெயர் வைத்தால் தருகிறோம் என்றார்களாம். 1415இல் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரிடம் தோற்ற போர்க்களத்தின் பெயரை மனிதர் வைத்துவிட்டார். பெயர் பிரெஞ்சு, குத்து ஆங்கிலம். லேபலை நம்பி வாங்குகிறவர்கள் அஜின்கோர்டை நினைத்துக்கொள்ளவேண்டும்.

அதற்காக ஊர் பார்ப்பதெல்லாம் விசர்க்கதை என்று நான் சொல்லவரவில்லை. தட்டச்சு நிரல் லாவோஸிலிருந்து வந்தாலென்ன, செவ்வாயிலிருந்து வந்தாலென்ன? ஆனால் வைரஸ் தடுப்பான் அப்படியல்ல. கணினியின் ஒவ்வொரு அறைச் சாவியும் அதன் மடியில் இருக்கிறது. அதை எந்த அரசாங்கம் கூப்பிட்டு மிரட்டலாம் என்று கேட்பது நியாயம். எங்கள் அங்கத்தவர் பட்டியலுக்கும் இதே கேள்விதான். அமெரிக்காவின் கிளவுட் சட்டம் 2018இல் வந்தது. அமெரிக்கக் கம்பனி உங்கள் தரவை எந்த நாட்டில் பூட்டிவைத்திருந்தாலும், முறையான உத்தரவு வந்தால் எடுத்துக் கொடுக்கவேண்டும். சேர்வர் ரொறன்ரோவில் இருக்கிறது என்று ஆறுதல்பட ஒன்றுமில்லை. 1983 யூலைக் கலவரத்தில் காடையர்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்தார்கள். பெயரும் விலாசமும் யார் கையில் இருக்கிறது என்பது எங்களுக்குப் பகிடி இல்லை. அந்த இடாப்பை அச்சடித்தது அந்நியனும் இல்லை. சொந்த நாட்டு அரசாங்கம்.

கூட்டத்துக்கு வாங்கிய றோல்ஸ் முடிந்தது. ஸோஹோவுக்கு மாறுவதென்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பட்டியலை இறக்கி எடுக்கப் போனபோதுதான், அந்தக் கூகிள் ஷீட் முன்னாள் செயலாளரின் சொந்தக் கணக்கில் இருப்பது தெரிந்தது. நாங்கள் பார்க்கலாம், திருத்த முடியாது, பிரதி எடுக்கவும் பூட்டு. போன வருட ஒன்றுகூடலில் மங்கல விளக்கேற்ற முதலில் தன்னைக் கூப்பிடவில்லை என்று கோபித்துக்கொண்டு ஏஜக்ஸ் பக்கம் வீடு வாங்கிப் போனவர், இன்றுவரை தொலைபேசியை எடுப்பதில்லை. டிரம்ப்போடு பேசினாலும் ஒரு வழி பிறக்கலாம். இவர் நூறு வீதம் எங்கள் ஊர், தலைவருக்குச் சகலன்.

ஐயா, இது உங்கள் கண்ணில் பட்டால் தயவுசெய்து அந்தப் பட்டியலைத் திறந்துவிடுங்கள். அடுத்த ஒன்றுகூடலில் முதல் திரி உங்களுக்குத்தான் என்று நிர்வாகசபை எழுத்தில் தரும்.