டால்பின் போய் யானை வந்தது

ஸ்ரீரங்கத்தில் வீட்டு வாசலில் நீரூற்று வைக்கிறவனுக்கு நெஞ்சழுத்தம் கொஞ்சம் அதிகம்தான். வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. நடுவில் தீவு. "ரெண்டு ஆத்துக்கு நடுவுல குடியிருந்துக்கிட்டு வாசல்ல மூணாவது ஆறு எதுக்கு மாப்பிள்ளை?" என்று மாமியார் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் என் தம்பி வீட்டு வாசலில் ஒன்று இருக்கிறது. அதற்குமேல் எங்கள் வீட்டில் காரணம் தேவைப்படவில்லை.

கொத்தனார் வந்து சிமென்ட் தொட்டி கட்டினார். அதன் நடுவே ஃபைபரில் செய்த டால்பின் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கடையில் ரெடிமேடாக அதுதான் கிடைத்தது. பூம்புகாரில் புறப்பட்டு, கல்லணையைத் தாண்டி, எதிர்நீச்சல் போட்டு எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொண்டோம். ராத்திரியில் அதன் வயிற்றில் பச்சை, சிவப்பு, நீலம் என்று விளக்கு மாறும். உறவினர்கள் செல்ஃபி எடுத்தார்கள். தம்பி மட்டும் எடுக்கவில்லை.

அடுத்த ஆடிப்பெருக்கு வருவதற்குள் தொட்டி ஒழுக ஆரம்பித்தது. ராத்திரி நிரப்பினால் காலையில் டால்பின் தரையில் கிடந்து மூச்சு வாங்கும்.

ஒழுகுகிற தொட்டி வைத்திருப்பவன் வீட்டுக்கு நிபுணர்கள் தாமாகவே வருவார்கள். வெயிலில் ஆவியாகிறது என்றார் ஒருவர். காக்கை குடிக்கிறது என்றார் இன்னொருவர். வாஸ்து பார்ப்பவர் தொட்டியைச் சுற்றி வந்துவிட்டு, ஈசானிய மூலையில் இல்லாத தண்ணீர் நிற்காது என்றார். காவிரி எந்த மூலையில் ஓடுகிறது என்று கேட்கலாமா என்று யோசித்தேன். தட்சிணை கூடிவிடும் என்று விட்டுவிட்டேன்.

ஆவியா, ஒழுகலா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பித் தொட்டிக்குப் பக்கத்தில் அதே வெயிலில் வையுங்கள். இரண்டிலும் மட்டம் ஒரே அளவு இறங்கினால் ஆவி. தொட்டியில் மட்டும் அதிகம் இறங்கினால் ஒழுகல். எங்கள் வாளியில் விரல் நகம் அளவு இறங்கியது. தொட்டியில் தரை தெரிந்தது. காக்கை நிரபராதி என்று தீர்ப்பாயிற்று.

ஒழுகும் இடம் எது என்பது அடுத்த விசாரணை. மோட்டாரை நிறுத்தி, தண்ணீர் அசையாமல் இருக்கும்போது, சந்தேகப்படும் இடத்தருகே சொட்டு நீலம் விட வேண்டும். ஓட்டை இருந்தால் நீலம் கோடாக அங்கே இழுத்துக்கொண்டு போகும். மூன்று சொட்டு விடுவதாக இருந்தது. பேரன் உதவிக்கு வந்ததால் பாட்டில் முழுதும் போயிற்று. தெருப் பையன்கள் எட்டிப் பார்த்து, "கடல் வந்துடுச்சுடா, இப்பத்தான் டால்பினுக்குச் சரியா இருக்கு" என்றார்கள். நீலம் தெளிந்த பிறகு மறுபடி பார்த்தோம். டால்பினுக்கு அடியில், குழாய் தரையைத் துளைத்து வரும் இடத்தில், கோடு விழுந்தது. பிளாஸ்டிக் குழாயும் சிமென்டும் ஒட்டிப் பிறந்தவை அல்ல. வெயிலில் ஒன்று விரியும் அளவுக்கு மற்றது விரியாது. இடையில் மயிரிழை சந்து விழும். தண்ணீருக்கு அந்த மயிரிழை போதும்.

கொத்தனாரைக் கூப்பிட்டேன். அவர் தொட்டியைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தார். "முக்கொம்புல காட்டன் துரை கட்டினதே போச்சு சார். நம்ம தொட்டி எம்மாத்திரம்?" என்றார். 2018 ஆகஸ்ட்டில் முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்தின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் இடிந்தது உண்மைதான். ஆனால் ஆர்தர் காட்டன் அதைக் கட்டியது 1830-களில். நூற்றெண்பது வருடம் நின்றது. இதைச் சொன்னபோது, "அப்ப சிமென்ட்டே கிடையாதே சார், அதான் நின்னுச்சு" என்றார். தன் தொழிலுக்கு எதிராகவே சாட்சி சொல்லும் அந்த நேர்மை எனக்குப் பிடித்துப்போயிற்று. சந்தில் சிமென்ட் பால் விட்டார். கையைக் கழுவிக்கொண்டே, "பால் ஊத்திட்டேன் சார், இனி கவலையில்லை" என்றார். பால் ஊற்றியும் உயிர் பிரியவில்லை. ஒழுகல் மூன்றாம் நாள் எழுந்து நடமாடியது.

டால்பினைப் பெயர்த்தெடுத்துவிட்டுக் கையாலேயே ஒரு சிற்பம் செய்து, தொட்டியையும் பழைய முறையில் கட்டிவிடுவது என்று முடிவாயிற்று. கோபுரங்களில் சுதை வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் கிடைத்தார். என்ன பொம்மை என்று கேட்டார். பக்கத்தில் திருவானைக்காவல் இருக்கும்போது இதில் யோசிக்க என்ன இருக்கிறது? யானைதான். அவர் சொல்லச் சொல்ல மனைவி எழுதிக்கொண்டாள். சுண்ணாம்பு, சன்ன மணல், செங்கல் பொடி, கடுக்காய், வெல்லம்.

"என்னங்க, இது கட்டட லிஸ்டா, மளிகை லிஸ்டா?"

பெரியவர் சிரித்தார். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்ந்தால் சுண்ணாம்புக் கலவை நன்றாக இழையும், சீக்கிரம் இறுகிவிடாமல் கைக்கு நேரம் கொடுக்கும் என்றார். சிற்பி காதை வளைத்து முடிக்கும்வரை கலவை காத்திருக்கும். பிறகு காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கல்லாகும். தண்ணீருக்குள் நிற்க வேண்டிய பகுதிக்கு வெறும் சுண்ணாம்பு போதாது. சுட்ட செங்கல் பொடி, அதாவது சுர்க்கி, சேர்த்தால்தான் ஈரத்திலும் இறுகும். "1895-ல முடிச்ச முல்லைப் பெரியாறு அணையே சுண்ணாம்பும் சுர்க்கியும்தாங்க" என்றார். "அதுவும் கேஸுல இருக்கு" என்றாள் மனைவி.

லிஸ்டோடு ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்துச் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போய், அங்கிருந்து காந்தி மார்க்கெட் போனேன். திருச்சியில் மனிதனுக்கு வேண்டிய எதுவும் காந்தி மார்க்கெட்டைத் தாண்டிப் போகாது. நடுராத்திரியில் லாரிகளில் காய்கறி வந்து இறங்கும். விடிவதற்குள் பாதி மாவட்டத்தின் சாம்பார் அங்கே தீர்மானமாகிவிடும். கள்ளிக்குடியில் அரசாங்கம் புது மார்க்கெட் கட்டிக் கொடுத்தும் வியாபாரிகள் அசையவில்லை. 2020-ல் கொரோனா வந்துதான் அவர்களைக் கொஞ்ச காலம் பொன்மலை ஜி-கார்னர் மைதானத்துக்கு நகர்த்தியது. நோய் தணிந்ததும் திரும்பி வந்துவிட்டார்கள். பெயராத அஸ்திவாரம் எப்படி இருக்கும் என்று கொத்தனார் அங்கே போய்ப் பார்க்க வேண்டும்.

வெல்லக் கடையில் கேட்டார்கள்: "பொங்கலுக்கா, கல்யாணத்துக்கா?"

"யானைக்கு."

"கோயில் யானையா அண்ணே?"

"இல்லை, இனிமேத்தான் கட்டணும்."

அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் உடைந்த வெல்லத்தை எடுத்து, "கட்டப்போற யானைக்கு இது போதும்" என்று விலையையும் குறைத்துக் கொடுத்தார்.

நாட்டு மருந்துக் கடையில்தான் மானம் போயிற்று. கடுக்காய் இரண்டு கிலோ என்றேன். கூட்டம் நிற்கிறதே என்ற எண்ணம் சிறிதும் இல்லாமல் கடைக்காரர் உரக்கக் கேட்டார்: "ரெண்டு கிலோவா! எத்தனை நாளா மலச்சிக்கல்?"

"சிக்கல் இல்லைங்க. ஒழுகல்."

"அப்ப கடுக்காய் ஆகாதே! மாதுளை ஓடு வாங்கிக்கிட்டுப் போங்க."

பின்னால் நின்ற ஒரு அம்மா, "மோர்ல வெந்தயம் போட்டுக் குடிங்க தம்பி, நின்னுடும்" என்றார். தொட்டி என்று விளக்குவதற்குள் சுமை தூக்குகிறவர் ஒருவர் "வழி, வழி" என்று தலை மூட்டையோடு வந்து என்னைக் காப்பாற்றினார்.

மணல் தனிக் கதை. இரண்டு பக்கமும் ஆறு ஓடும் ஊரில் ஒரு கூடை ஆற்று மணல் அள்ள வழியில்லை. கல்லை உடைத்துச் செய்த எம்-சாண்ட் வாங்கிச் சலித்துக்கொண்டோம். மணலையும் வாழ்க்கையையும்.

யானை எழுந்தது. உள்ளே செங்கல், மேலே சுதை. உடம்பைப் பெரியவர் பிடித்தார். தும்பிக்கையும் காதும் என் பொறுப்பு. வேலை முடிந்து முதலில் பார்த்தவர் தபால்காரர். பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டு, "வராக அவதாரமா சார்? ஸ்ரீரங்கத்துக்குப் பொருத்தம்" என்றார். வைணவரைத் திருத்துவது மரியாதையல்ல என்று தலையாட்டினேன். அன்று முதல் தெருவில் அது பாதிப் பேருக்கு யானை, பாதிப் பேருக்கு வராகம்.

மறுநாள் எறும்பு வந்தது. வெல்லம் கலந்த யானையை எறும்பு விடுமா? சாரை சாரையாக ஏறிப் பிரதட்சிணம் செய்தது. ஈசனை வணங்கத் தேவர்கள் எறும்பாக வந்தது திருவெறும்பூரில் என்றுதான் இதுவரை கேட்டிருக்கிறேன். அதற்கடுத்த வாரம் ஒரு சிலந்தி காதுக்கும் தும்பிக்கைக்கும் இடையே வலை கட்டியது. திருவானைக்காவலில் யானையும் சிலந்தியும் போட்டி போட்டுச் சிவனைப் பூசித்தன, அந்தச் சிலந்திதான் கோச்செங்கட் சோழனாகப் பிறந்து யானை ஏற முடியாத மாடக்கோயில்களைக் கட்டினான் என்பது தல வரலாறு. ஒட்டடைக் குச்சியோடு வந்த மாமியார் அப்படியே நின்றுவிட்டார். "சோழனை அடிச்ச பாவம் நமக்கு எதுக்கு?" என்று குச்சியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

தொட்டி இப்போது ஒழுகவில்லை. ஆனால் யானையின் தூக்கிய தும்பிக்கையில் தண்ணீரும் வரவில்லை. ஏர் கூலரில் போடுகிற மோட்டார் அது. நாலைந்து அடிக்குமேல் தூக்காது. வளைவும் உயரமும் சேர்ந்து அதன் மூச்சை நிறுத்திவிட்டன. பெரிய மோட்டார் வாங்கலாம் என்றேன். பெரியவர் மறுத்தார். "தண்ணி எவ்வளவு வருதோ அதுக்குத்தான் பொம்மை. பொம்மைக்காகத் தண்ணியை அடிக்கக் கூடாது" என்று தும்பிக்கையைக் கீழ்நோக்கி இறக்கினார். இப்போது நுனியிலிருந்து நிதானமாக வழிகிறது. பெரியவர் ரோமைப் பார்த்ததில்லை. ஆனால் அங்கே 1620-களின் கடைசியில் பியெத்ரோ பெர்னினி என்ற சிற்பி இதே முடிவுக்குத்தான் வந்தார். பழைய கால்வாயில் வந்த தண்ணீருக்கு உயரப் பீய்ச்சும் வேகம் இல்லை. அவர் பாதி மூழ்கிய படகு ஒன்றைக் கல்லில் செதுக்கி, அதன் விளிம்புகளில் தண்ணீரை வழியவிட்டார். உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் டிக்கெட் எடுத்துப் போய் அந்த ஒழுகலைப் பார்க்கிறார்கள்.

அவ்வளவு தூரமும் போக வேண்டாம். திருவானைக்காவலில் கருவறையிலேயே நீர் ஊறுகிறது. பஞ்சபூதத் தலங்களில் அது நீருக்கானது. ஒன்பது துளைச் சாளரத்தின் வழியே மக்கள் வரிசையில் நின்று தரிசிக்கிறார்கள். ஊறட்டும் என்று விட்டு அதைச் சுற்றிக் கோயில் கட்டியிருக்கிறார்கள். ஸ்ரீரங்கம் பெரிய கோயிலுக்கு 2017-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்ததற்கும், பழைய வடிகால்களையும் மழைநீர்ச் சேகரிப்பையும் மறுபடி உயிர்ப்பித்தது ஒரு காரணம். இதையெல்லாம் மாமியாரிடம் சொன்னேன். "அங்க ஊறுது, இங்க ஒழுகிச்சு. ரெண்டும் ஒண்ணா?" என்றார்.

வழக்கு முடிந்தது என்று நினைத்தபோது கீழண்டை வீட்டுக்காரர் வந்தார். முகம் சரியில்லை. "என்ன சார், தொட்டியை அடைச்சுட்டீங்களாமே? எங்க வாழை நாலும் வாடுதே" என்றார். எங்கள் ஒழுகலைக் குடித்துத்தான் அவர் வாழை இத்தனை நாளும் தார் தள்ளியிருக்கிறது. காவிரியைப் போலவே எங்கள் தெருத் தண்ணீரும் கிழக்கே போகிறது. அவர் கீழ்மடை, நான் மேல்மடை. அனுபவ பாத்தியதை அவர் பக்கம். வாழ்நாள் முழுக்கக் கர்நாடகாவைத் திட்டிய நான், ஒரே நாளில் கர்நாடகா ஆனேன்.

காவிரிக்கு 1892-லும் 1924-லும் ஒப்பந்தம் போட்டார்கள். 2007-ல் நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு வந்தது. 2018-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. விட வேண்டும் என்றது. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. எங்களுடையது வாளிக் கணக்கு என்பதால் இரண்டு காபியில் முடிந்தது. தொட்டியின் விளிம்பில் ஒரு கலிங்கு வைப்பது; நிரம்பி வழிவது சுவருக்கடியில் குழாய் வழியே அவர் வாழைக்குப் போகும். பதிலுக்கு வாழைப்பூவும் தண்டும் இந்தப் பக்கம் வரும். கோடையில் பற்றாக்குறைக் காலப் பங்கீடு. மேலாண்மை ஆணையத் தலைவி மாமியார்.

தொட்டி கட்டப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டால்பினா யானையா என்பதைக் கடைசியில் பேசிக்கொள்ளலாம். நிரம்பினால் எங்கே வழிய வேண்டும், வழிவது யாருக்குப் போக வேண்டும் என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். நீங்கள் வழி விடாவிட்டால் தண்ணீர் தானே ஒன்றைத் தேடிக்கொள்ளும். கடுக்காய் வாங்கும்போது கட்டட வேலைக்கு என்று கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.